தொண்ணூறில் ஆடும் கார்

மனித குலம் இதுவரை நடத்திய விசாரணைகளை எல்லாம் ஒரு பக்கம் வையுங்கள். மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஒரு கார் ஏன் நடுங்குகிறது என்று நம் கண்காணிப்பாளர் ஏழு வாரம் நடத்திய விசாரணையை இன்னொரு பக்கம் வையுங்கள். எது பெரியது என்று கேட்க வேண்டாம். அவருடைய விசாரணைக் கோப்பைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒரு பெரிய அலுவலகத்தில் அவர் விசாரணைப் பிரிவின் கண்காணிப்பாளர். அங்கே அவருக்குப் பட்டப்பெயர் 'நடைமுறை'. தும்மல் வந்தால்கூட முறைப்படி விண்ணப்பித்துவிட்டுத்தான் தும்முவார் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். அது அவர் காதுக்கும் எட்டியது. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

அலுவலகத்தில் இன்றைக்கும் புழங்குகிற விசாரணைப் படிவம் அவர் கைப்பட வரைந்தது. 'சம்பவத்துடன் தொடர்புடையோர்' என்று அதில் பன்னிரண்டு கட்டங்கள் உண்டு. புகார் கொடுத்தவருக்கு மட்டும் கட்டம் கிடையாது. "புகார் குடுத்தவரையே விசாரிச்சா, நாளைக்கு எவன் புகார் குடுப்பான்?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

படிவத்தின் மகிமைக்கு ஒரு சான்று. பதினோரு வருடத்துக்கு முன்னால், அலுவலகச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் வேகமாக ஓடுகிறது என்று ஒரு துணை இயக்குநர் புகார் கொடுத்தார். அவர் தினமும் பத்து நிமிடம் தாமதமாக வருகிறவர். அதை எழுதப் படிவத்தில் இடமில்லை. கடிகாரத்துக்கு பேட்டரி போடுகிற வாட்ச்மேனை எழுத இடம் இருந்தது. வாட்ச்மேன் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிளைக்கு மாற்றப்பட்டார். கடிகாரம் அதற்கப்புறமும் அப்படியேதான் ஓடியது. ஆனால் துணை இயக்குநர் ஓய்வு பெற்றுவிட்டதால் புகார் வரவில்லை. 'சிக்கலே இல்லாம முடிஞ்ச கேஸ்' என்று அதை வீட்டில் அடிக்கடி சொல்லிப் பெருமைப்படுவார்.

இப்பேர்ப்பட்டவருடைய கார்தான் ஆடியது. எண்பது வரை சாது. தொண்ணூறில் ஸ்டீயரிங் கையில் நடுங்கும். நூறில் சீட்டும் சேர்ந்துகொள்ளும்.

"என்னங்க இது, காரா, மாவு சலிக்கிற மெஷினா?" என்றாள் மனைவி. "டயர் கடைல ஒரு தடவை காட்டுங்களேன்."

"எடுத்த எடுப்புல டயர் கடையா? முதல்ல பூர்வாங்க விசாரணை."

அன்று சாயங்காலமே சாப்பாட்டு மேசையில் 'அதிர்வு ஆய்வுக் குழு' கூடியது. தலைவர் அவர். உறுப்பினர்கள் மனைவியும் மகளும். குற்றம் சாட்டப்பட்டவர்களும் அவர்களேதான். வெளியாள் தேவைப்படாதது ஒரு சௌகரியம். படிவத்தின் முதல் கட்டத்தில் மனைவி: ஒருமுறை கேட்டில் லேசாக இடித்தது. இரண்டாவதில் மகள்: வேகத்தடையில் ஏறிக் குதித்தது.

மகளுக்கு லைசென்ஸ் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏழு வாரம் கழித்து வெளியூரில் முதல் வேலையில் சேர வேண்டும். அந்த இருநூறு கிலோமீட்டரையும் அவளே ஓட்டுவாள், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வருவார் என்று எப்போதோ பேசி வைத்திருந்தார்கள். அவள் அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தாள்.

"விசாரணை முடியற வரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்" என்றார் தலைவர்.

"நான் ஓட்டினது நாலே நாலு தெருப்பா. அதுவும் முப்பதுல."

"அதெல்லாம் விசாரணைல தெரிஞ்சிடும்மா."

"தினமும் நீங்களும்தானே ஓட்டறீங்க?"

"நான் புகார்தாரர்."

மகள் சாவியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். 'உறுப்பினர் வெளிநடப்பு' என்று குறிக்கப்பட்டது.

அடுத்தது அறிவியல். பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு மனைவி நெடுஞ்சாலையில் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். ஒவ்வொரு வேகத்திலும் தண்ணீர் எப்படி ஆடுகிறது என்று படிவத்தில் எழுத வேண்டும். 'சிற்றலை', 'பேரலை', 'சேலை நனைதல்' என்று மூன்று நிலைகள். ஜன்னல் காற்றில் தாள்கள் பறக்காமலிருக்க அவற்றின் மேல் சாம்பல் நிற உலோகக் கட்டி ஒன்று. எங்கோ கிடைத்த சின்னச் சின்னத் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி அவரே செய்தது. எதையும் வீணாக்காத மனிதர்.

சர்வீஸ் சென்டரில் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி அலுவலர்' வரவேற்றார். டை கட்டியிருந்தார். காரை எடுத்துப் போய்க் கால் மணி நேரத்தில் திரும்பினார்.

"ஆடலை சார்."

"எத்தனைல ஓட்டினீங்க?"

"இருபதுல சார். காம்பவுண்டைத் தாண்டி ஓட்டக் கூடாதுன்னு ரூல்."

"தொண்ணூறுலதானே ஆடுதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"அப்ப நீங்க இருபதுல ஓட்டிப் பாருங்களேன் சார்."

கண்காணிப்பாளருக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. விதியை விட்டு இம்மியும் நகராத இளைஞரைப் பார்த்ததில் அவருக்கு உள்ளூர மரியாதைதான் வந்தது. பாட்டு கேட்கிற கருவிக்குப் புது மென்பொருள் ஏற்றி, 'குறை ஏதும் இல்லை' என்று சான்றிதழும் கொடுத்தார்கள். தொண்ணூறில் கார் சான்றிதழோடு சேர்ந்து ஆடியது.

ஏழாவது வாரம், சனிக்கிழமை. மகள் செல்போனை நீட்டினாள். "திங்கக்கிழமை காலைல பஸ்ல போயிக்கறேன்பா. டிக்கெட் எடுத்துட்டேன்."

அவர் படிவத்தைப் புரட்டினார். இதற்கு ஒரு கட்டமும் இல்லை. மனைவி காரில் போய் உட்கார்ந்தாள். மகளும் ஏறிக்கொண்டாள். டயர் கடைக்குத்தான் என்று யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

டயர்க்காரர் டை கட்டியிருக்கவில்லை. குந்தி உட்கார்ந்தார், சக்கரக் கம்பிகளுக்கு இடையில் கையை விட்டு உட்பக்கத்தைத் தடவினார். நான்கு சக்கரத்தையும் தடவிவிட்டுக் கேட்டார்.

"வீட்டுல யாரு சார் கார் கழுவுறது?"

"நானேதான். வாராவாரம். டூத் பிரஷ் போட்டு" என்றார் கண்காணிப்பாளர், பெருமையாக.

"வீலுக்கு உள்பக்கமுமா?"

"அங்கதானே அழுக்கு அதிகம்."

"சரிதான். வீலு எல்லா இடத்துலயும் ஒரே கனமா இருக்காது சார். அதைச் சரிக்கட்ட உள்ள சின்னச் சின்னதா வெயிட் ஒட்டியிருப்போம். அது இல்லைன்னா, மெதுவாப் போறப்ப தெரியாது. தொண்ணூறைத் தொட்டா ஆட்டம் போடும். உங்க வண்டில நாலு வீல்லயும் ஒண்ணுகூட இல்லை. யாரோ பொறுமையா உக்காந்து சுரண்டி எடுத்திருக்காங்க."

கண்காணிப்பாளருக்கு ரத்தம் கொதித்தது. "நாசவேலை" என்றார். கோப்பைக் கார் பானெட்டின் மேல் விரித்தார், தாள் பறக்காமல் உலோகக் கட்டியை வைத்தார், பேனாவைத் திறந்தார். "இதை எத்தனை நாளைக்கு முன்னாடி எடுத்திருப்பாங்க?"

டயர்க்காரர் கட்டியை எடுத்து, ஒட்டியிருந்த துண்டுகளை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்து, படிவத்தின் மேல் வரிசையாக வைத்தார். "எல்லாம் பத்திரமா இருக்கு சார்."

மனைவி சட்டென்று வானத்தைப் பார்த்தாள். மழை வருமா என்று பார்ப்பதுபோல் இருந்தது, தோள் மட்டும் குலுங்கியது. மகள் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். கண்காணிப்பாளர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

அரை மணி நேரத்தில் புது வெயிட் ஒட்டிக் கொடுத்துவிட்டார் டயர்க்காரர்.

திங்கட்கிழமை மகள்தான் ஓட்டினாள். பக்கத்தில் பாட்டிலோடு அவர். பின்னால் கோப்போடு மனைவி. தொண்ணூறு. நூறு. தண்ணீர் அசையவில்லை. மகள் ஓட்டுகிற அழகைப் பார்த்து அவருக்கு மனம் நிறைந்துபோனது. அதே நிறைவோடு இறுதி அறிக்கையைச் சொல்லச் சொல்ல, மனைவி எழுதினாள்.

"காரணம், தூய்மைப் பணியின்போது நேர்ந்த எதிர்பாராத விளைவு. பொறுப்பு..."

"பொறுப்பு?"

"எவருமில்லைன்னு போடு. கட்டம் இல்லையே."

சுங்கச்சாவடியில் நீளமான வரிசை. மகள் காரை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தாள்.

"அப்பா, கடிகார கேஸ்ல ஒரு வாட்ச்மேனை மாத்தினீங்களே. அவரு இப்ப எங்க இருக்காரு?"

"அதே கிளைலதாம்மா. குடும்பம் இங்க இருக்கு, திருப்பி மாத்துங்கன்னு மூணு தடவை மனு போட்டாரு."

"மனுவை யாருப்பா விசாரிச்சாங்க?"

கண்காணிப்பாளர் முன்னால் நிற்கிற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வாரப் பழக்கம், மனைவி பின்னாலிருந்து எட்டி அவர் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். பார்த்ததைப் படிவத்தில் எழுதினாள்.

'வேகம்: பூஜ்யம். அதிர்வு: உண்டு.'