டிரெட்மில் மேல் ஒரு பசைப் பரிசோதனை

பிறரைச் சோதித்தே பிழைத்தவனைச் சோதனைக்கு உட்படுத்துவது பெரும்பாடு. ஆம்பூர் ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் தரப் பரிசோதகனாக இருந்தவன் நான். அடிப்பாகம் ஒட்டியிருக்கிறதா என்று ஓரத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து நெம்புவேன். நகம் உள்ளே போனால் அந்த ஜோடி வெளியே. (கல்யாண மேடையில் மாமனார் போட்ட மோதிரத்தின் கல்லையும் நெம்பினேன். அவர் இன்னும் மறக்கவில்லை.)

போன ஆடியில் ரயில்வே மேம்பாலப் படியேறும்போது மயங்கி விழுந்தேன். வேலூரில் இதய டாக்டர், என் மகள் வயசுப் பெண், சுற்றி வளைக்கவில்லை.

"வேகமா நடக்கறப்போ துடிப்பு தாறுமாறா போகுதான்னு பாக்கணும் சார். போச்சுன்னா, அடுத்த தடவை விழுந்தா எழுந்திருக்க மாட்டீங்க. அதுவரைக்கும் ஸ்கூட்டரைத் தொடாதீங்க."

என் மனைவி சரோஜாவுக்கு முகம் வெளுத்தது. எனக்கோ ஒரே குதூகலம். எனக்கே பரிசோதனை! டிரெட்மில்லில் மூன்று நிமிஷத்துக்கொரு முறை வேகமும் ஏற்றமும் கூடும் என்பதுவரை படித்துப்போய் டெக்னீஷியன் பெண்ணுக்கே விளக்கினேன்.

"எல்லாம் தெரியுதே சார், நான் வீட்டுக்குப் போய்டட்டா?" என்றாள்.

மார்பில் பத்து ஸ்டிக்கர், பத்து வயர். பெல்ட் ஓடியது. திரையில் என் இதயம் அச்சடித்ததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவது நிமிஷம், வியர்வையில் ஒரு ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கியது. முப்பது வருஷப் பழக்கம்! நெம்பினேன். விடாமல் நெம்பினேன்.

திரையில் கோடெல்லாம் பாலாற்று வெள்ளம்.

"நிறுத்து! படுக்க வைங்க!" டாக்டர் கத்தினார். பெல்ட் நின்றது, நான் நிற்கவில்லை. நாலு பேர் என்னைப் பிடித்துக் கட்டிலில் சாய்த்தார்கள். ஷாக் கொடுக்கும் மிஷின் உருண்டு வந்தது. வெளியே சரோஜாவின் அலறல்: "ஐயோ, இன்னா ஆச்சு?"

டாக்டர் நாடியைப் பிடித்தார். ஒழுங்காக அடித்தது. திரையைப் பார்த்தார். பிறகு, ஸ்டிக்கருக்கு அடியில் இன்னும் குடியிருந்த என் கட்டைவிரலைப் பார்த்தார்.

"இன்னா சார் பண்றீங்க?"

"பசை கம்மிம்மா. இந்த லாட்டைத் திருப்பி அனுப்பிடுங்க."

ஓய்வு கொடுத்து மறுபடி ஏற்றினார்கள். இம்முறை சரோஜா பக்கத்திலேயே நின்றாள். "கம்பிலேர்ந்து கையெடுத்தீங்க, ஒடிச்சிடுவேன்."

எடுக்கவில்லை. ஒன்பதாவது நிமிஷம் திரையில் ஐந்தாறு துடிப்பு முண்டியடித்து ஓடி, அடங்கியது. டாக்டர் மெதுவாக பெல்ட்டை நிறுத்தச் சொன்னார்.

"இது நிஜம் சார். நல்லவேளை, பதிவுல மாட்டிச்சு."

மாத்திரை வந்தது. சில மாதம் கழித்து ஸ்கூட்டரும் திரும்ப வந்தது. ஆனால் ஒவ்வொரு பரிசோதனையிலும் மார்பில் ஸ்டிக்கர் ஒட்டும் முன், சரோஜா பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து என் வலது கட்டைவிரலைச் சுற்றிவிடுகிறாள். மொத்த ஆஸ்பத்திரியும் வேடிக்கை பார்க்கிறது.

பிளாஸ்திரியின் பசை பரவாயில்லை. இடது கை நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டேன்.