பல்லுக்கொதி வந்த பேய்

ரொறொன்ரோவில் எத்தனையோ விசித்திரப் பிறவிகளோடு நான் குடியிருந்திருக்கிறேன். ஆனால் வளர்ந்த ஆண்கள் ஐந்து பேரை, அதுவும் அகதி வழக்கு முடியாமல் அரை உயிராகக் கிடந்தவர்களை, சலவை இயந்திரத்தைச் சுற்றி உட்காரவைத்து, ஒரு பேயின் கடைவாய்ப் பல்லுக்காகக் கண்கலங்க வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவராகத்தான் இருக்க முடியும். அவர் கப்பல் அண்ணை. சொந்தப் பெயர் அவருடைய வழக்கறிஞருக்கு மட்டும் தெரியும்.

எண்பத்தாறாம் ஆண்டு. அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்ரில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். மேலே வீட்டுக்கார அன்ரி. கப்பல் அண்ணை ஜப்பான்காரரின் சரக்குக் கப்பலில் பல வருடங்கள் வேலை செய்துவிட்டு வந்தவர். ஆள் கரையேறிவிட்டாலும் உடம்பு கப்பலை விட்டு இறங்கவில்லை. பானைகள் சரிந்து விழாமல் இருக்க அடுப்பைச் சுற்றிக் கம்பி கட்டியிருந்தார். யாருக்குத் தேநீர் கொடுத்தாலும் அரைக் கோப்பைதான்.

"அண்ணை, நிரப்பித் தாங்கோவன். ரொறொன்ரோ ஆடாது."

"இன்னும் ஆடேல்லை எண்டு சொல்லும்."

நகரத்தின் நடுவே ஒரு ஜப்பானிய உணவகத்தில் அவர் கோப்பை கழுவினார். முதலாளியின் மகள் எமிக்கோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஜப்பானிலிருந்து அவளுடைய சித்தி தலையணைபோல் தடித்த படக்கதைப் புத்தகங்கள் அனுப்புவாள். எமிக்கோ படித்து முடித்ததும் அவை அண்ணையின் கைக்கு வரும். அட்டை முழுக்க ரோஜாப் பூ. ஐம்பதை நெருங்கிய, மீசை வைத்த மனிதர் அதைப் பேருந்தில் விரித்துவைத்து விரலால் எழுத்தெழுத்தாகத் தடவி வாசித்துக்கொண்டு வருவதை முதன்முதலில் பார்த்தபோது, நான் இறங்கவேண்டிய தரிப்புக்கு முந்திய தரிப்பிலேயே இறங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சலவை நாள். எல்லாருடைய உடுப்பும் ஒன்றாக இயந்திரத்துக்குள் சுழலும். வெளியே பனி, போக இடமில்லை. அப்படி ஒரு நாளில்தான் ஒருவன் பொழுதுபோகாமல் கேட்டான்: "உதில என்ன அண்ணை எழுதியிருக்கு?"

அண்ணை புத்தகத்தை விரித்தார். முதலில் ஜப்பானிய மொழியில் முணுமுணுத்து, பிறகு தமிழில் சொன்னார்.

மலைப்பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் ஒரு இளம் பல் டொக்டர். மழை கொட்டுகிற ஒரு மாலை, கடைசி நோயாளி வந்து கதிரையில் உட்காருகிறது. உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். கூந்தல் இடுப்பு வரைக்கும். பல்லுக்கொதி தாங்க முடியவில்லை என்று வாயைத் திறக்கிறது. டொக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்க்கிறார். கண்ணாடியில் பல் தெரியவில்லை. நாக்குத் தெரியவில்லை. வாயே தெரியவில்லை. பின்னால் இருக்கிற சுவர் தெரிகிறது.

இயந்திரம் நின்று வெகு நேரமாகியும் ஒருவரும் உடுப்பு எடுக்க எழும்பவில்லை.

அதன்பிறகு ஞாயிறு என்றால் கதை. நூறு வருடத்துக்கு முன் ஆற்றில் மூழ்கிய ஆவி அது. மழை பெய்தால்தான் வரும், மழை விட்டால் போய்விடும். டொக்டரோ வானொலியில் வானிலை கேட்டுக் கேட்டு மெலிந்து போகிறார். தமிழில் பேய்க்கு ஆண், பெண் பார்க்கிற வழக்கம் இல்லாதபடியால் அண்ணை "அது" என்றே சொல்லிவந்தார். அது வந்தது, அது சிரித்தது, அது டொக்டரின் கோட்டைப் போட்டுக்கொண்டது. கூந்தல் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மிச்சத்தை நாங்களே நிரப்பிக்கொண்டோம். நான் என் பங்குக்கு அதற்கு மஞ்சள் தாவணி உடுத்திவிட்டிருந்தேன்.

எங்களில் மூத்தவர் செயலாளர். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடைச் செயலாளராக இருந்தவர். இங்கே நாங்கள் கேட்காமலே எங்களுக்கும் செயலாளர் ஆனார். மனைவியும் பிள்ளையும் யாழ்ப்பாணத்தில். கதையில் பேயின் சாதி பற்றி அவருக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது.

"அந்தப் பிள்ளை எந்தப் பகுதி? டொக்டர் விசாரிச்சவரோ?"

"ஆத்துப் பகுதி," என்றார் கப்பல் அண்ணை.

பனி உருகத் தொடங்கிய ஒரு ஞாயிறு. டொக்டரும் பேயும் பஸ் தரிப்பில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறார்கள். அண்ணை குரலைத் தாழ்த்தினார். நாங்கள் முன்னால் சரிந்தோம்.

"டொக்டர் கையால முகத்தைப் பிடிக்கிறார். குனிஞ்சு முத்தம் குடுக்கிறார். அவன் கண்ணை மூடுறான்."

செயலாளர் நிமிர்ந்தார். "ஆர் அவன்?"

"பேய்."

"பேய் எப்பவிலையிருந்து அவன்?"

"செத்த நாளிலையிருந்து," என்றார் அண்ணை. கொஞ்சம் யோசித்து, "அதுக்கு முந்தியும் அவன்தான்," என்றார்.

ஒருவன் கையிலிருந்த சவர்க்காரத் தூள் பெட்டி நழுவி விழுந்தது. என் மஞ்சள் தாவணி என்ன ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது கூரையோரமாக ஓடுகிற சூட்டுக் காற்றுக் குழாயிலிருந்து ஒரு குரல் இறங்கி வந்தது.

"தம்பியவை, எனக்குச் சரியாக் கேக்கேல்லை. அப்ப பேய் பொம்பிளை இல்லையோ?"

வீட்டுக்கார அன்ரி. முதல் நாளிலிருந்தே குழாயின் மேல்வாயில் கதிரை போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். குளியலறையில் நாங்கள் பாடியதெல்லாம் அந்தக் குழாய் வழியாகப் போயிருக்கும் என்று நினைத்தபோது எனக்குப் பேயே மறந்துபோயிற்று.

செயலாளர் புத்தகத்தைப் பறித்துப் பார்த்தார். பார்த்த கண்ணை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. படத்தில் இரண்டு பேருக்கும் தொண்டைக்குமிழ் தெளிவாக இருந்தது.

"உதையோ உம்மட முதலாளியின்ர பெட்டை வாசிக்கிறாள்?"

"பெட்டையள்தான் வாசிக்கிறவை. எழுதுறதும் பொம்பிளையள்தான்," என்றார் அண்ணை, விலை கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல.

அடுத்த நாள் பின்னேரம் செயலாளர் கூட்டம் கூட்டினார். அரிசி மூட்டையில் நான், கட்டிலில் மற்ற மூவர், எதிரே அடுப்படியில் கப்பல் அண்ணை. செயலாளர் எழுந்து நின்று பேசினார். எங்கள் வழக்குகள் இன்னும் கிடக்கின்றன. நாளைக்குக் குடும்பங்கள் வரப்போகிற வீடு. வெளியே கதை பரவினால் எல்லாருக்கும்தான் கெட்ட பெயர். ஒன்றில் புத்தகம் போகவேண்டும், இல்லையென்றால் ஆள் போகவேண்டும். சொல்லிவிட்டு, உண்மையாகவே விளங்காத குரலில் கேட்டார்:

"இவ்வளவு கதை கிடக்க, உமக்கு ஏன் இந்தக் கதை?"

அண்ணை அவருக்கு அரைக் கோப்பை தேநீர் ஊற்றி நீட்டினார்.

"கப்பலில மிசின் அறையில ஒருத்தர் இருந்தவர். கென்ஜி எண்டு பேர். உமக்கு உம்மட மனிசி எப்பிடியோ, அவர் எனக்கு அப்பிடி. ஒரு புயலுக்க கடல் கொண்டுபோட்டுது. மழை பெய்தா நான் கதவை ஒருக்காத் திறந்து பாக்கிறனான். வாறேல்லை. இந்தப் புத்தகத்தில ஒருத்தனுக்காவது வாறான். அதுதான் வாசிக்கிறன்."

இதை ஒரு மனிதர் தமிழில், அதுவும் யாழ்ப்பாணத் தமிழில், தேநீர் ஊற்றிக்கொண்டே சொல்வார் என்று என் சீவியத்தில் நான் நினைத்ததில்லை. திட்டக்கூட எங்களிடம் சொல் இருக்கவில்லை. செயலாளர் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தார். மழைக்குக் கதவைத் திறந்து வைத்ததற்காக, சூடு வெளியே போகிறது என்று நாங்கள் ஒவ்வொருவரும் அண்ணையோடு ஒரு தரமாவது சண்டை பிடித்திருந்தோம்.

படியில் காலடி கேட்டது. கையெல்லாம் புட்டுமாவோடு அன்ரி இறங்கி வந்தார். குழாய் வழியாக எல்லாம் கேட்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

"அன்ரி, வீடு உங்கட. நீங்களே ஒரு முடிவைச் சொல்லுங்கோ," என்றார் செயலாளர்.

அன்ரி மாவைத் தட்டிக்கொண்டே யோசித்தார். அந்த நேரத்தில் அவர் 'போ' என்று சொல்லியிருந்தால் கப்பல் அண்ணைக்குப் போக வேறு இடம் இல்லை. வழக்கும் முடியவில்லை, கையிலும் ஒன்றுமில்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். 

"வீட்டுக்க சிகரெட் பத்தக்கூடாது எண்டு சொன்னனான்," என்றார் அன்ரி. "மீன் பொரிச்சா யன்னல் திறக்கோணும் எண்டு சொன்னனான். வேறை ஒரு சட்டமும் நான் சொல்லேல்லை." பிறகு அண்ணையின் பக்கம் திரும்பினார். "தம்பி, எனக்கு ஒண்டுதான் தெரியோணும். அந்தப் பெடியனுக்குப் பல்லுக்கொதி மாறினதோ?"

"மாறேல்லை அக்கா. பல்லைப் பிடுங்கினா அவன் திரும்பி வரத் தேவையில்லையே. அதாலை டொக்டர் பிடுங்காமல் இழுத்தடிக்கிறார்."

"கள்ளன்," என்றார் அன்ரி, மிகத் திருப்தியாக. கூட்டம் அதோடு கலைந்தது.

செயலாளர் மட்டும் தளரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கதை தொடங்கியதும் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அண்ணை கொடுக்கிற தேநீரையும் தொடுவதில்லை. அப்படிச் சில வாரங்கள் போயின. அந்த நாட்களில் ஊரில் நிலைமை மோசமாகி, ஒருவர் வீட்டிலிருந்தும் கடிதம் வரவில்லை. செயலாளர் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மூடியை மெதுவாகச் சாத்திவிட்டு வருவார்.

ஒரு ஞாயிறு நல்ல மழை. செயலாளர் கோட்டைப் போட்டுக்கொண்டு படி வரைக்கும் போனார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கதையில் அன்றைக்கு ஊருக்கு வறட்சி வந்துவிட்டது. டொக்டர் குடையை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் காத்திருக்கிறார். அண்ணை வழக்கம்போல அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லச் சொல்லு," என்றார் செயலாளர், சுவரைப் பார்த்து.

கோடையின் கடைசியில் கதை முடிந்தது. அன்றைக்கு அன்ரி குழாயை நம்பாமல் நேரே கீழே வந்து உட்கார்ந்தார். அண்ணை கடைசிப் பக்கங்களை வெகு நேரம் பார்த்தார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "டொக்டர் வருசம் முழுக்க மழை பெய்யிற ஒரு ஊருக்கு மாற்றம் கேட்டுப் போயிட்டார். அங்க இரண்டு பேரும் இருக்கினம்."

"பாத்தியளே, மூளைசாலி," என்றார் செயலாளர். மூக்கை உறிஞ்சியவர் யார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் இந்தப் பத்திரிகையின் வாசகர்.

வழக்கு முடிந்ததும் கப்பல் அண்ணை துறைமுக வேலை கிடைத்து வன்கூவருக்குப் போய்விட்டார். பிறகொரு நாள் அண்ணை வேலை செய்த உணவகத்தில் எமிக்கோவைத் தற்செயலாகச் சந்தித்தேன். அந்தப் பல் டொக்டர் கதை எங்களுக்கு எவ்வளவு பிடித்தது, முடிவு எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொன்னேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். முடிவு மகா சோகம் என்றாள். டொக்டர் கிழவனாகிறார். ஒரு மழைநாள் ஆவி வருகிறது. கிழவனை அடையாளம் தெரியாமல் பக்கத்தால் நடந்து போய்விடுகிறது. கடைசிப் படத்தில் குடையோடு கிழவர் மட்டும்.

அன்று பின்னேரமே வன்கூவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, முடிவை மாத்திச் சொல்லிப்போட்டியள்."

"ஓம் தம்பி. அண்டைக்கு உங்கட முகங்களைப் பாத்தனான். ஒருத்தன்ர வீட்டிலையிருந்தும் கடதாசி வரேல்லை. அதுக்க நானும் ஒரு சோடியைப் பிரிச்சு விடுறதே? மனம் கேக்கேல்லை."

செயலாளரின் மனைவியும் பிள்ளையும் பிறகு வந்து சேர்ந்தார்கள். இப்போது அவருக்குப் பேரப்பிள்ளைகள். கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால், மனைவி அப்பால் போகும்வரை காத்திருந்து மெல்லக் கேட்பார்: "என்ன, உந்தப் பல்லு டொக்டரும் பெடியனும் என்ன மாதிரி?"

"மழை ஊரில நல்லா இருக்கினமாம் அண்ணை," என்பேன். கப்பல் அண்ணை எங்களுக்குச் சொன்ன ஒரே பொய் அது. அதைத் திருத்த எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.