ரெண்டு லோடும் தவளைச் சத்தமும்

உலகத்தில் எதையுமே ஒற்றையாக நம்பாத மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் சித்தூர்த் தெருவில் இருந்தார். பக்கத்து ஊரான பெருமாட்டியின் தோப்புகளில் தேங்காய் எடுத்துப் பொள்ளாச்சிக்கு அனுப்புகிற வியாபாரி. ஒரு குட்டி வண்டியில் அடங்கிவிடும் காயைக்கூடப் பிரித்து இரண்டு வண்டியில்தான் அனுப்புவார். அதனால் ரெண்டு லோடு என்று பெயர். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

கல்யாணத்துக்குக் கிளம்பினால் அவர் ஒரு பஸ், மனைவி அடுத்த பஸ். ஒன்று வழியில் நின்றாலும் மொய் போய்ச் சேர வேண்டுமாம். அவர் வீட்டுச் சாவி தெருவில் பாதி வீடுகளில் தொங்கியது. பூட்டு போடுவதே பூட்டுக்கு ஒரு மரியாதை என்றுதான்.

என் மகள் செல்வி தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். மழைக்காலத்தில் அந்தி சாய்ந்ததும் வயல் வரப்பில் மைக்கோடு உட்கார்ந்து அவை கத்துவதைப் பதிவு செய்வாள். பாதிப் பதிவில் பக்கத்துத் தோப்பிலிருந்து ரெண்டு லோடின் குரல் வந்துவிடும். தேங்காய்த் திருடன் என்று நினைத்து முதலில் அதட்டுவார். பிறகு, "அட, நம்ம அம்மிணியா? நீ கேளு கண்ணு, நான் பேசல" என்று ஆரம்பித்து, தான் பேசாமல் இருப்பதைப் பற்றி வெகுநேரம் பேசுவார். செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு வீடு திரும்புவாள்.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரின் கம்ப்யூட்டர் படுத்து, பிள்ளைகளின் சின்ன வயதுப் படங்கள் எல்லாம் போயின. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. செல்வியின் மூன்று மழைக்காலங்கள் ஒரே லேப்டாப்பில் இருந்தன. போன வருடத்து மழைக்கு எந்தத் தவளையும் மறுபடி கத்தப் போவதில்லை. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கக் கிளம்பினேன். ரெண்டு லோடும் கூடவே கிளம்பினார். தெருவில் யார் எது வாங்கினாலும், ஃபிரிட்ஜானாலும் மாப்பிள்ளையானாலும், அவர் போய்ப் பார்க்காமல் முடியாது.

கடைக்காரர் ராவுத்தர் பெட்டியைப் பிரித்து ஒரு டிஸ்க்கை எடுத்து வைத்தார். ரெண்டு லோடு அதைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கினார்.

"அண்ணே, இது தேங்கா இல்ல" என்றார் ராவுத்தர், பாதி எழுந்து.

"தண்ணி வத்திருச்சாட்ட இருக்குதுங்களே."

உள்ளே தட்டு சுற்றுகிற வகையும் உண்டு, எதுவும் சுற்றாத வகையும் உண்டு, கொண்டுபோய்க் கொண்டுவருவதானால் சுற்றாததுதான் நல்லது என்று ராவுத்தர் விளக்கினார். பெரிதாக ஒன்று போதும் என்று நான் நினைத்திருந்தேன். ரெண்டு லோடு விடவில்லை. நடுத்தரமாக இரண்டு, அதுவும் வேறு வேறு கம்பெனியில் எடுக்க வைத்தார். பிறகு ஒன்றை எடுத்துத் தன் துண்டில் முடிந்துகொண்டார்.

"ஒரே ஊட்டுல ரெண்டு வெச்சா அது ஒண்ணுதானுங்க டீச்சர். இது எங்க ஊட்டுல கெடக்கட்டும்."

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வழக்கம் தொடங்கியது. சாயங்காலம் டிஸ்க்கோடு வருவார். செல்வி அந்த வாரத்துப் பதிவுகளை அதில் ஏற்றி முடிக்கும்வரை, தவளைகளின் குடும்ப நலம் விசாரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் இடி விழுந்தது. வீடே வெளுத்துப்போன மாதிரி ஒரு வெளிச்சம். லேப்டாப் சார்ஜில் இருந்தது, எங்கள் டிஸ்க் அதில் செருகியபடி இருந்தது. இரண்டும் செத்துப்போயின. செல்வி அழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கும் மேகம் உறுமினால் என் கை பிளக்கைத் தேடிப் போகிறது.

மழையோடு ரெண்டு லோடு வீட்டுக்கு ஓடினோம். சாமி படத்தின் முன்னால் தராசு, தேங்காய் உரிக்கிற பாரை, அவற்றின் நடுவே எங்கள் இன்னொரு டிஸ்க். கேபிள் செருகுகிற ஓட்டைக்குள் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம்.

"கண்ணாட்ட இருந்துச்சுங்க. பொட்டு வெச்சேன்" என்றார்.

நடந்ததைச் சொல்லி டிஸ்க்கைக் கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டினார். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் பூஜை முடியாமல் தொடக்கூடாது. அவர் தராசு அப்படித் தொடப்பட்டதே இல்லை. நான் கெஞ்ச வாயெடுப்பதற்குள் செல்வியின் முகத்தைப் பார்த்துவிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டு டிஸ்க்கை எடுத்தார்.

"சாமிகிட்ட நான் பேசிக்கறேன். நீ வா கண்ணு."

அன்று ராவுத்தர் கடை திறந்திருந்தது. அவர் மெல்லிய பிரஷ்ஷால் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டச் சுரண்ட, ரெண்டு லோடு வெளியே மழையில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. கடைக் கம்ப்யூட்டரில் செருகியபோது முதல் முறை எதுவும் தெரியவில்லை. ராவுத்தர் மறுபடி துடைத்துச் செருகினார். கடை முழுக்கத் தவளைகள் கத்தின. அதன் நடுவே ஒரு குரல்: "நீ கேளு கண்ணு, நான் பேசல."

வாசலில் நின்றவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத்தண்ணி என்றார்.

போன பங்குனியில் ரெண்டு லோடு இறந்துபோனார். ஆய்வேட்டுக்காக அவர் குரல் வருகிற இடங்களைச் செல்வி வெட்ட வேண்டியிருந்தது. வெட்டியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, இரண்டு டிஸ்க்கில் ஏற்றி என்னிடம் தந்தாள். ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. இன்னொன்றைப் பொள்ளாச்சியில் என் தங்கை வீட்டில் வைத்திருக்கிறேன். கொடுக்கப் போன அன்று இரண்டையும் வேறு வேறு பஸ்ஸில்தான் கொண்டுபோனோம்; ஒன்று போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றது வீடு திரும்பியது.