இடத்தே ஸ்ராங்கின் ரிவர்ஸ்

கொச்சிக் காயலில் படகு ஓட்டிய அத்தனை பேரிலும், முன்னால் போவதை ஒரு தாழ்ந்த வேலையாகக் கருதியவர் இடத்தே ஸ்ராங்கு ஒருவர்தான். பின்னால் போவதில்தான் அவருக்கு மோட்சம்.

ஐம்பதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளத்துக்குத் தினமும் அவர் படகில்தான் ஆபீஸ் போனேன். படகின் சக்கரத்தைப் பிடிப்பவர் ஸ்ராங்கு. 'இடத்தே', அதாவது மலையாளத்தில் இடது பக்கம், நாங்கள் சூட்டிய பட்டம். ரிவர்ஸ் அடித்தால் தன் படகின் பின்பக்கம் இடது பக்கமாக ஒதுங்கும் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். அதை நாலு பேருக்குச் சொல்லாமல் அவருக்குச் சாயா இறங்காது. "எனக்கு எடத்தேதான் விசுவாசம்!" என்று அவர் முழங்கியதைக் கேட்டு, தேர்தல் சமயத்தில் இடதுசாரிக் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் கைகுலுக்க வந்தார்கள். முக்கால் மணி நேரம் ப்ரொப்பெல்லர் பாடம் நடந்தது. அதற்கப்புறம் அவர் குடியிருந்த சுள்ளிக்கல் பக்கமே அவர்கள் ஓட்டுக் கேட்டு வரவில்லை.

ஜெட்டி என்கிற படகுத்துறையை ஒட்டிய சாயாக்கடையில் நான்தான் அவருடைய நிரந்தர மாணவன்.

"சாமி, இங்க பாருங்கோ. இந்த கிளாஸ் போட். உங்க பழம்பொரி ஜெட்டி. ரிவர்ஸ்ல விசிறி திரும்பிச் சுத்தினா போட் நிக்கும். ஆனா சும்மா நிக்குமோ? வாலை எடத்தே தள்ளும். அப்போ ஜெட்டி எந்தப் பக்கம் இருக்கணும்?"

"இடது பக்கம்."

"மனசிலாச்சே!" என்று பூரித்து, ஜெட்டியைத் தின்றுவிடுவார்.

இந்த நிலையில் படகு சர்வீஸுக்கு மதராஸிலிருந்து ஒரு புது சூப்பிரண்டு வந்து சேர்ந்தார். படகுகளைக் காகிதத்தில் மட்டுமே பார்த்துத் தேர்ந்த மேதை. இனி எல்லாப் படகும் வலது பக்கத்தைத்தான் ஜெட்டியில் அணைக்க வேண்டும், பார்வைக்கு அதுதான் ஒழுங்கு என்று உத்தரவு போட்டார்.

ஸ்ராங்கு அட்சரம் பிசகாமல் கீழ்ப்படிந்தார். வலது பக்கமாக ஜெட்டியை நெருங்கி ரிவர்ஸ் அடித்தார். படகின் வால் மிகுந்த மரியாதையுடன் ஜெட்டியை விட்டு விலகியது. மறுபடியும் வந்தார், மறுபடியும் விலகியது. மூன்றாவது தடவையும் அப்படியே. எங்களுக்கும் எர்ணாகுளத்துக்கும் நடுவே பத்தடித் தண்ணீர். கரையில் நின்ற சூப்பிரண்டு கத்தினார்: "வேணும்னே பண்றே! திங்கட்கிழமையிலேருந்து நீ படகுல ஏறக் கூடாது. ஜெட்டியில உக்காந்து டிக்கெட் கிழி!"

ஸ்ராங்கு அன்று சாயாக்கடைக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலை, அவருடைய கடைசி நாள், சூப்பிரண்டே எங்களோடு ஏறினார். நடுக்காயலில் ஒரு சரக்குக் கப்பல் எதிரே வந்துகொண்டிருந்தது. எங்கள் படகு அதன் மூக்கை நோக்கி நிதானமாகத் திரும்பியது.

"சக்கரத்தைத் திருப்புய்யா!"

"திருப்பலாம் ஸாரே. ஆனா சுக்கான் சங்கிலி அறுந்து போச்சு. இது இப்போ வெறும் சக்கரமாக்கும்."

கப்பல் ஊதியது. பெண்கள் அலறினார்கள். ஸ்ராங்கு சக்கரத்தைக் கைவிட்டு, கீழே என்ஜின் டிரைவருக்குச் சைகை கொடுக்கும் மணிக்கயிற்றைப் பிடித்தார். ரிவர்ஸ்! படகு குலுங்கி நின்றது. வால் இடது பக்கம் போக, முகம் வலது பக்கம் விலகியது. கொஞ்சம் முன்னால். மறுபடி ரிவர்ஸ். எங்களை உரசுகிற மாதிரி கப்பல் கடந்து போனது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முதல் தடவையாக அவர் யாருக்கும் எதையும் விளக்கவில்லை.

அப்படியே மணியடித்து மணியடித்து எர்ணாகுளம் வரை கொண்டுவந்தார். ஜெட்டி நெருங்கியதும் பவ்யமாகத் திரும்பினார்.

"எந்தப் பக்கம் அணைக்கணும் ஸாரே?"

சூப்பிரண்டு பெஞ்சை இறுகப் பிடித்திருந்தார். "உன் இஷ்டம்" என்பதை உதட்டசைவில்தான் புரிந்துகொண்டோம்.

திங்கட்கிழமை டிக்கெட் கிழித்தவர் வேறு யாரோ.

அதற்குப் பிறகு, அவர் ஓய்வு பெறும்வரை, வேறு ஸ்ராங்கின் படகு முதலில் வந்தாலும் நான் ஏறியதில்லை. ஏன் லேட் என்று ஆபீசில் கேட்டால் காயலில் அலை என்பேன்.