கானாங்கோழியும் கடைசிப் பட்டையும்

ஒரு காட்டில், கோரையேரி என்ற ஏரிக்கரையில், குமுதவல்லி என்றொரு கானாங்கோழி குடியிருந்தாள். அவள் புருஷன் சேந்தன் போன வருஷமே கடல்தாண்டிப் பனிக்காட்டுக்குப் போய் ஒரு பெரிய குளத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். "சீக்கிரம் வந்துடு குமுதா, இங்க தண்ணி ததும்பி நிக்குது" என்று தினமும் வீடியோ காலில் சொல்வான். சொல்ல அவனுக்கென்ன. பனிக்காட்டுக்குள் கால்வைக்க வேண்டுமென்றால் ஆங்கிலப் பரீட்சையில் ஒன்பதுக்குக் குறைந்தது ஏழு எடுக்க வேண்டும். இங்கேயோ கோரையேரி நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு வந்தது. அது முழுசாக வற்றுவதற்குள் பாஸ் பண்ணாவிட்டால் குமுதவல்லியின் பாடு திண்டாட்டம்தான்.

பேசுவதில் அவளுக்குப் பயமில்லை. பொழுது விடியும் முன்பே தொண்டையைத் திறக்கிற இனம் அது. எழுத்துத் தேர்வின் முதல் கேள்விதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு வரைபடத்தைக் கொடுத்து, இருபது நிமிஷத்தில் நூற்றைம்பது வார்த்தைகளில் அதை விவரி என்பார்கள். இதற்காகவே அவள் ஓணான் மாஸ்டரின் பயிற்சி மையத்தில் சேர்ந்தாள். மாஸ்டர் தலையை மேலே தூக்கினால் 'உயர்ந்தது' என்று எழுத வேண்டும், கீழே இறக்கினால் 'சரிந்தது'. அசையாமல் இருந்தால் 'நிலையாக நீடித்தது'. பாடத்திட்டமே அவ்வளவுதான், ஆனால் ஓணானைவிட அதற்குத் தகுதியான வாத்தியார் யார் இருக்கிறார்கள்?

பரீட்சை நாளும் வந்தது. கேள்வித்தாளைப் பிரித்த குமுதவல்லிக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. மூன்று ஏரிகளின் நீர்மட்டத்தைக் காட்டும் வரைபடம், அதில் ஒன்று கோரையேரி. விழுந்து விழுந்து படித்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று பூரித்துப்போனாள். மழை ஒன்றும் குறையவில்லை, கஜபதி யானைதான் ஏரிக்குள் ராட்சதக் குழாயை இறக்கித் தன் சொகுசு விடுதியின் நீச்சல்குளங்களை நிரப்பிக்கொள்கிறார் என்று தொடங்கி, அந்தக் குழாய்க்கு அனுமதி கொடுத்தது யார் என்பதுவரை எழுதித் தள்ளினாள். கூடுதல் தாள் வேறு வாங்கினாள்.

கிடைத்தது ஐந்து.

"சார், நான் எழுதினது அத்தனையும் உண்மை சார்" என்று மாஸ்டரிடம் போய் நின்றாள்.

"உண்மைதான்மா. யாரு இல்லேன்னா? ஆனா என்ன தெரியுதுன்னுதானே கேட்டான்? ஏன்னு கேட்டானா?"

"எங்க ஏரி சார் அது."

"வரைபடத்துல யாரோட ஏரியும் கிடையாது. கோடுதான் உண்டு. கோடு இறங்குதா, இறங்குதுன்னு எழுது. 'ஒட்டுமொத்தமாகப் பார்த்தால்'னு ஒரு வரி போடு. வாயை மூடிக்கிட்டு வெளியே வா" என்றார் மாஸ்டர். தலை மட்டும் பழக்கதோஷத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

குமுதவல்லி மறுபடியும் விண்ணப்பித்தாள். அதற்குள் ஏரியில் சேறுதான் மிச்சம். தவளைகள் எந்தப் பக்கம் போயின என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கம்பக்கத்துக் கானாங்கோழிகளும் கூட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிட்டன.

இந்தத் தடவை கொடுத்தது பட்டை வரைபடம். கோரையேரியில் வாழும் பறவைகளின் எண்ணிக்கை, ஆண்டுவாரியாக. கானாங்கோழிக்கான பட்டைகள் வர வரக் குட்டையாகிக்கொண்டே போயின. கடைசிப் பட்டை பார்வைக்கே அகப்படவில்லை. மூக்கு தாளில் படும்படி குனிந்து பார்த்தாள். பக்கத்தில் 'ஒன்று' என்று போட்டிருந்தது.

அந்த ஒன்று தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது. பக்கத்துக் கூட்டுக்காரிகள் ஒவ்வொருத்தியாகக் கண்முன் வந்தார்கள். ஓவென்று அழலாம் போலிருந்தது. அழுதால் நேரம் போய்விடும். பேனாவை எடுத்து, 'ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், கானாங்கோழிகளின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவில் சரிந்து, இறுதி ஆண்டில் மிகக் குறைந்த நிலையை எட்டியது' என்று ஆரம்பித்தாள். அழகான கையெழுத்தில் சரியாக நூற்றைம்பது வார்த்தைகளில் முடித்தாள்.

எட்டு வந்தது. மையத்தின் வரலாற்றிலேயே அதிகம் என்று மாஸ்டர் துள்ளினார். அவளை அதே பதிலைத் திரும்ப எழுதச் சொல்லி, மாதிரி விடையாகச் சுவரில் ஒட்டினார். அதைப் படித்த கஜபதி முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. நூற்றைம்பது வார்த்தைகளில் ஒன்றுகூடத் தன்னைப் பற்றியில்லை. 'எங்கள் ஏரியின் செல்லமகளுக்கு வாழ்த்துகள்' என்று ஒரு ஃபிளெக்ஸ் அடித்து ஏரிக்கு நடுவில் நட்டார். கால் நனையாமல் நடந்துபோய் நட முடிந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று. பொன்னாடை போர்த்தியபோது குமுதவல்லியும் வாய் நிறைய நன்றி சொன்னாள்.

பனிக்காட்டுக் குளம் சேந்தன் சொன்னபடியே ததும்பியது. முதல் நாள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நீந்தினார்கள்.

"நம்ம ஏரி இப்ப எப்படியிருக்கு குமுதா?"

"ஒட்டுமொத்தமாப் பார்த்தா, சரிவுதாங்க."

"என்ன இப்படிப் பேசுறே? நம்மாளுங்க எல்லாம்?"

"மிகக் குறைந்த நிலையை எட்டியிருக்காங்க."

சேந்தன் நீந்துவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "ஏன் குமுதா? அப்படி என்னதான் ஆச்சு?"

குமுதவல்லி வாயைத் திறந்தாள். குழாய், யானை, அனுமதி எல்லாம் தொண்டைவரை வந்தன. சட்டென்று அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"அதைக் கேட்கலைங்க" என்றாள்.

நீதி: ஏரி எவ்வளவு வற்றியது என்று எழுதினால் எட்டு, யார் வற்றவைத்தது என்று எழுதினால் ஐந்து. எட்டு வாங்கியவர்களுக்குத்தான் வேறு ஏரி கிடைக்கும். ஐந்து வாங்கியவர்கள் அடுத்த வரைபடத்தில் இருப்பார்கள்.