அத்தான் ‘வர்றேன்’ என்று சொல்லிவிட்டார்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் அக்காவும் அத்தானும் சௌக்கியம். அங்கே நீங்கள் எல்லோரும் அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ நடுநடுவே பேசுவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. தவிர, காலமெல்லாம் தபால் ஆபீஸில் முத்திரை குத்தியவன் நானே கடிதம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப்போகிறார்கள்?

“அந்த வீடு பூமிக்குள்ள போறதுக்குள்ள ரெண்டு பேரையும் கையோட கூட்டிட்டு வா” என்று சொல்லி என்னை அனுப்பினாயே, வந்து இறங்கினேன். நிலக்கரிச் சுரங்கம் மூடிப் பல வருஷம் ஆகியும் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தால் வேட்டியில் கரி. எதிரே டீக்கடைக்காரரிடம் அத்தான் பெயரைச் சொல்லி வீட்டுக்கு வழி கேட்டேன். “அவரா? காலையிலயே மேலே போயிட்டாரே” என்றார், டம்ளரைக் கழுவிக்கொண்டே. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “எப்படிங்க?” என்றேன். “எப்படின்னா? நடந்துதான். மூச்சு வாங்கும், அங்கங்க உக்காந்து உக்காந்து போவாரு” என்றார். கொஞ்சம் விசித்திரமாகத்தான் பட்டது, ஆனால் துக்கத்தில் இருப்பவன் இதையெல்லாம் ஆராய்ந்துகொண்டா இருப்பான்? ஓட்டமாக ஓடி, வாசலில் நின்ற அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், என்னைவிடச் சத்தமாக அழ ஆரம்பித்தாள். ரெண்டு பேரும் மாறி மாறி அழுதோம். நடுவில் அவள், “கடைசியா என்னடா சொன்னான்?” என்று கேட்டாள். அத்தானைப் போய் ‘சொன்னான்’ என்கிறாளே என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அவள் இவ்வளவு நேரமும் அழுதது உனக்காக. உனக்கு ஆயுசு கெட்டி, கவலைப்படாதே. அழுத அழுகையைப் பார்த்தால் உன்மேல் அவளுக்கு என்னைவிடப் பாசம் என்றும் தெரிகிறது, அது கிடக்கட்டும்.

விஷயம் என்னவென்றால், இந்த ஊரில் ‘கீழே’ என்றால் வீடுகளுக்கு அடியில் ஓடும் சுரங்கம். ‘மேலே’ என்றால் சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்ட மண்மேடு. வேலை போன பிறகும் அத்தானுக்கு ஷிப்டு நேரம் வந்தால் வீட்டில் கால் தரிக்காது. இறங்க இடமில்லாததால் ஏறுகிறார். ஒருநாள் நானும் கூடப் போனேன். உச்சியில் ஒரு வேப்பங்கன்று, நாலைந்து ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளிகள். யாரும் அதிகம் பேசவில்லை. சும்மா ஊரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் பத்து நிமிஷத்தில் பேச்சு நின்றுவிட்டது, என்னைத் தெரிந்த நீ இதை நம்பமாட்டாய்.

வீட்டைப் பற்றிக் கேள். தரை சமையலறையிலிருந்து வாசல்வரை சரிந்திருக்கிறது. அக்கா கையிலிருந்து உருளைக்கிழங்கு நழுவினால் அவள் குனிவதில்லை, கூடத்துக்குப் போய்க் காலை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், அதுவே வந்து சேர்கிறது. நான் குளிக்கப் போனபோது வீடு கொஞ்சம் உட்கார்ந்து கதவு இறுகிவிட்டது. அத்தான் கடப்பாரையோடு வந்தார், சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். “ஒண்ணுமில்ல மாப்ளே, பேசிக்கிட்டிருக்கு” என்றார். நான் துண்டோடு உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கிறேன், இவர் சுவரோடு க்ஷேமலாபம் விசாரிக்கிறார்! முடிவெட்டிக்கொள்ளப் போகலாம் என்று குறுக்குவழியில் என்னைக் கூட்டிப்போனவர், நேராகப் பள்ளிக்கூடத்துப் பின்சுவரில் கொண்டுபோய் நிறுத்தினார். கீழே சுரங்கத்தில் இருக்கும் பாதை அந்த இடத்தில் நேராகத்தான் போகிறதாம். மேலே சுவர் கட்டியது அவர் தப்பா?

சிரிப்பாக எழுதிவிட்டேன், ஆனால் தெருவில் பாதி வீடு காலி, தம்பி. இவர்கள் வீட்டுக் கதவிலும் அதிகாரிகள் வந்து, காலி செய்யச் சொல்லிச் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சமையலறை விரிசலில் என் கை உள்ளே போகிறது. முந்தாநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அக்கா, “ராத்திரியில வீடு முனகுதுடா. எனக்குப் பயமா இருக்கு. இவரு வந்தா நான் நாளைக்கே கிளம்பிடுவேன்” என்றாள். என்றைக்காவது பயம் என்று அவள் வாயால் சொல்லி நாம் கேட்டிருக்கிறோமா?

ஆகவே நேற்றுக் காலை துணிந்து கேட்டுவிட்டேன். வாசலில் நின்றிருந்தார். “அத்தான், இங்க இருந்தது போதும், அக்கா பயப்படறா. எங்களோட வந்துடுங்களேன்” என்றேன். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு, “வர்றேன்” என்றார். அவ்வளவுதான். நீ எத்தனை வருஷமாகக் கெஞ்சியும் அசையாத மனுஷனை, அண்ணன் ஒரே பேச்சில் அசைத்துவிட்டேன். முன்னறையை உடனே ஒழித்து வை. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் மூன்று பேரும் வருகிறோம்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, அப்பாவைப் போல் நடுவில் பேசாமல் வளர என் ஆசி.

இப்படிக்கு,
அண்ணன்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் பெருமையாக இதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசியில், “செருப்பைப் போட்டுக்கிட்டுச் சொன்னாரா, போடாமச் சொன்னாரா?” என்றாள். “போட்டுக்கிட்டு.” “அப்ப அது ‘போறேன்’டா, மண்டு. அவர் மேலே கிளம்பிட்டிருந்தார்.”

இன்றைக்கு அத்தான் மேட்டிலிருந்து இறங்கி வந்ததும், செருப்பைக் கழற்றும்வரை காத்திருந்து மறுபடி கேட்டேன். “சுரங்கம் இடிஞ்ச அன்னைக்குக் கூட இறங்குனவங்க ரெண்டு பேரு இன்னும் கீழதான் இருக்காங்க மாப்ளே. எடுக்க முடியலைன்னு மூடிட்டாங்க. நீ உன் அக்காவைக் கூட்டிட்டுப் போ, நான் பின்னால வர்றேன்” என்றார். அக்கா கரண்டியோடு வந்தாள். “இப்படித்தான் அன்னைக்கும் வர்றேன்னு சொல்லிட்டுப் போய் மூணாம் நாள் வந்தீங்க. மூணு நாளும் வாசல்ல உக்காந்திருந்தேன். இன்னொரு ஊர் வாசல்ல போய் உக்கார என்னால ஆகாது. நான் போகலை” என்றாள்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. “வீடு அப்படியே கீழே போச்சுன்னா என்ன செய்வீங்க அத்தான்?” என்று கத்தினேன்.

“கீழ எனக்கு வழி தெரியும். அவளைக் கூட்டிக்கிட்டு வந்துடுவேன்” என்றார்.

அக்காவுக்கு அது போதுமாக இருந்தது, தம்பி. சோறு எடுத்து வைக்கப் போய்விட்டாள். அறையை ஒழிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை நான் மட்டும் வருகிறேன். செருப்புப் போடாமல்தான் எழுதுகிறேன்.