பிரிண்டரும் தங்கள் மகளும் குறித்து ஒரு நடுநிலை அறிக்கை

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். இவ்விடம் அனைவரும் நலம். அவ்விடம் தாங்களும் அக்காவும் நலமில்லை என்று கருதுவதற்கு ஆதாரம் ஏதும் கிட்டாததால், நலமே என்று கொண்டு மேலே செல்கிறேன்.

சென்ற வாரத் தங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் கண்டிருந்தன. பொறியியல் படித்த பெண் என் அலுவலகத்தில் பிரிண்டர் துடைத்துக்கொண்டிருப்பது தங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது ஒன்று. மாதக் கடைசிக்குள் அவளை வீட்டுக்கு அனுப்பி, துணிக்கடையில் தங்களுக்குத் துணையாக உட்கார வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. அதற்கு முன் அவளைப் பற்றி நடுநிலையான அறிக்கையும் கேட்டிருந்தீர்கள். 'நடுநிலை' என்ற சொல்லைத் தாங்களே இருமுறை அடிக்கோடிட்டிருப்பதால், எனக்குப் பாதகமானவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அலுவலகத்துக்குப் புதிதாக ஓர் இயந்திரம் வாங்கினோம். அச்சடிக்கும், நகலெடுக்கும், ஸ்கேன் செய்யும்; மூன்று கணினிகளும் அதைப் பகிர்ந்துகொள்ளலாம். தங்கள் மகள் அதை மேசைமேல் ஏற்றி மின்சாரம் கொடுத்த பத்தாவது நிமிடம், அதன் சிறிய திரையில் 'நிபந்தனைகளுக்கு உடன்படுகிறேன்' என்றொரு பொத்தான் தோன்றியது. அவள் விரல் அருகில் போய்விட்டது. நான் தடுத்தேன். படிக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் முப்பத்தோரு ஆண்டுகளாக வக்கீலாகச் சொல்லிப் பிழைப்பவன் அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? நிபந்தனைகள் நாற்பத்தாறு பக்கம். இயந்திரம் அச்சடிப்பதற்கு உடன்பாடு கேட்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றிப் பூட்டுப் போடும் பகுதிக்குள் நுழைவதற்கு மட்டுமே கேட்டது. ஆகவே நாற்பத்தாறையும் அதிலேயே அச்சிட்டு, சிவப்புப் பென்சிலால் திருத்தி, பதினான்காம் பிரிவுக்கு ஆட்சேபம் தெரிவித்து, தயாரித்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

"மாமா, அவங்க பதில் போடுற வரைக்கும் கதவு திறந்தேதான் கிடக்கும். பாஸ்வேர்டு அட்டைப்பெட்டி மேலேயே அச்சடிச்சிருக்கு" என்றாள் தங்கள் மகள்.

எதிர்த்தரப்புக்கு நியாயமான அவகாசம் தர வேண்டும் என்றேன். மூன்று வாரம் தந்தேன். பதில் வரவில்லை, பற்கள் வந்தன.

எங்கள் தளத்தில் எதிர்க் கதவு பல் மருத்துவமனை. அவர்களிடமும் அதே வகை இயந்திரம் இருந்து பழுதாகியிருக்கிறது. வரவேற்பு மேசை அம்மாள் தன் கணினியில் பிரிண்டரைத் தேடியபோது அதே வகைப் பெயரோடு எங்களுடையது தென்பட, தம்முடையதுதான் உயிர் பிழைத்துவிட்டது என்று மகிழ்ந்து அவர் இணைத்துக்கொண்டார். அனுப்பிய தாள் அங்கே வராததால் மறுபடி அனுப்பினார், அதுவும் வராததால் மறுபடியும் அனுப்பினார், எல்லாம் இங்கே வந்து விழுந்தன. யாருடைய கடைவாய்ப்பல்லையோ பிடுங்குவது பற்றிய குறிப்பு, ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் ஆறாம் பக்கமாகத் தைக்கப்பட்டிருந்ததைக் கையெழுத்துக்குச் சற்று முன்னர்தான் கண்டேன். நாங்கள் 'நிதானம்' என்றழைக்கும் எங்கள் குமாஸ்தா, தைத்தது தாமே என்பதை நிதானமாக ஒப்புக்கொண்டார்.

வருவது இவ்வளவோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டிருப்பேன். போனதுதான் என் பிழைப்புக்கே உலை வைக்கப் பார்த்தது. பெயர் சொல்ல உரிமையில்லாத ஒரு கட்சிக்காரரின் உயிலை, அவர் பிள்ளைகளில் எவருக்கும் தெரியக்கூடாத அந்த உயிலை, நிதானம் ஸ்கேன் செய்தார். எந்தக் கணினிக்கு அனுப்புவது என்று திரையில் ஒரு பட்டியல் வந்தது. வழக்குத் தலைப்பில் முதலில் நிற்பவரே நம்மவர் என்ற நெடுநாள் பழக்கத்தில் அவர் முதல் பெயரைத் தொட்டார். உயில் எங்களிடம் வராததால் மீண்டும் தொட்டார். மூன்றாம் முறையும் தொட்டார். முதல் பெயர் பல் மருத்துவமனையுடையது. ஒரே ஆள் ஒரே வரி படித்திருந்தாலும், அத்தான், என் பெயர்ப்பலகையை நானே கழற்றி வைத்திருப்பேன். மருத்துவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமென்று காகிதம் எடுத்தேன். தங்கள் மகள் என் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடி போட்டாள்.

"நோட்டீஸ்ல என்ன எழுதுவீங்க? உங்க உயிலப் படிக்காதீங்கன்னா? அதுக்கப்புறம்தான் படிப்பாங்க" என்றாள்.

பிறகு, எங்களிடம் வந்த பல் தாள்களையெல்லாம் எழுத்துப் பக்கம் கீழாகக் கவிழ்த்து, எண்ணி, உறையிலிட்டு ஒட்டி எடுத்துக்கொண்டு எதிர்க் கதவுக்குள் போனாள். நான் நடையில் தீயணைப்புக் கருவியின் உபயோகக் குறிப்பைப் படித்துக்கொண்டு நின்றேன். ஒட்டுக்கேட்கவில்லை, கதவு திறந்திருந்தது.

"அக்கா, உங்க பேஷண்ட் விவரம் இருபத்து மூணு தாள் எங்க மெஷின்ல வந்துடுச்சு. பத்திரத்துல சேத்துத் தைச்ச ஒண்ண மட்டும் மாமா அரைகுறையா பாத்துட்டார். மத்தத யாரும் படிக்கல."

"ஐயோ, டாக்டருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்மா."

"எங்களோடதும் ஒண்ணு உங்ககிட்ட வந்திருக்கு. திறந்தீங்களா?"

"அதுவா? ஒண்ணே மூணு தடவ வந்துச்சு. எவனோ வைரஸ் அனுப்புறான்னு தொடவே இல்ல."

நிதானத்தின் பிழையே எங்களைக் காப்பாற்றியது என்பதை அவரிடம் இதுவரை தெரிவிக்கவில்லை. தெரிவித்தால் இனி எல்லாவற்றையும் மூன்று முறை அனுப்புவார். தங்கள் மகள் கோப்பு திறக்கப்படவில்லை என்பதைத் திரையிலேயே சரிபார்த்து, அதை அந்த அம்மாளின் கையாலேயே அழிக்கச் செய்து, அழித்தவை சேரும் கூடையையும் காலி செய்யவைத்தாள். அதன்பின் சொன்னதைத்தான் நான் மறக்கமாட்டேன். "மறைக்க வேண்டாம்க்கா. உங்க டாக்டர்கிட்ட நீங்க சொல்லிடுங்க, கூட நானும் வரேன். எங்க கட்சிக்காரர்கிட்ட மாமா சொல்லுவார்." சட்டம் பயின்ற நான் அந்த நொடிவரை அதை யோசிக்கவில்லை. மருத்துவர் அந்த அம்மாளை வேலையிலிருந்து நீக்கவில்லை. நானும் மறுநாள் கட்சிக்காரரின் வீட்டுக்கே போய் நடந்ததைச் சொன்னேன். அவர் "அந்தப் பொண்ணு யாரு?" என்று மட்டும் கேட்டார்.

பல் தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலையே நான் அந்த 'உடன்படுகிறேன்' பொத்தானை அழுத்தினேன். அவள் பாஸ்வேர்டை மாற்றினாள்; எங்கள் மூன்று கணினிகளைத் தவிர வேறெதுவும் இயந்திரத்தை நெருங்காதபடி செய்தாள்; பட்டியலில் எங்கள் பெயர்கள் மட்டுமே மிஞ்சின. இனித் தாள் தானாக வெளியே வராது. அனுப்பியவர் இயந்திரத்தின் எதிரே போய் நின்று தம் ரகசிய எண்ணை அழுத்த வேண்டும். நிதானம் தம் எண்ணை ஒரு சீட்டில் எழுதி இயந்திரத்தின் நெற்றியிலேயே ஒட்டினார். அவள் அதைக் கிழித்துவிட்டு எண்ணை மாற்றினாள். மறக்கவே முடியாத ஒன்றை வைக்கச் சொன்னதும் தாம் ஓய்வு பெறும் தேதியை வைத்தார். அதை மகிழ்ச்சியோடு என்னிடம் சொன்னதால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. பழைய வாடகை இயந்திரத்தை எடுத்துப்போக வந்த ஆளை, அதன் நினைவில் தங்கியிருந்த எங்கள் பத்திரங்களை அழிக்கும்வரை இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்தாள். "பாப்பா, இத்தன வருஷத்துல யாருமே இதக் கேட்டதில்ல" என்றார் அவர். "அதான் பயமா இருக்கு" என்றாள்.

தங்கள் மகள் பிரிண்டர் துடைக்கவில்லை, அத்தான். இந்த அலுவலகத்தின் வாயைக் காக்கிறாள். துணிக்கடையில் அவளை உட்கார வைப்பது தங்கள் உரிமை. அதில் எனக்கு வாதமில்லை. ஆயினும் அவள் என் அலுவலகத்திலேயே நிரந்தரமாகப் பணியாற்ற அனுமதிக்குமாறு, என் முப்பத்தோரு ஆண்டு எச்சரிக்கையுணர்வை ஈடாக வைத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் இருவரின் உடல்நலமும், காலவரம்பு ஏதுமின்றி, நன்றாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்

பின்குறிப்பு: இக்கடிதத்தை ஸ்கேன் செய்யக் கொடுத்தபோது தங்கள் மகள் படித்துவிட்டாள். "மாமா, அப்பாகிட்ட நேத்தே ஃபோன்ல பேசிட்டேன். மூணு நிமிஷத்துல சரின்னுட்டார்" என்றாள். அது மட்டுமல்ல. பல் மருத்துவர், மாடியிலுள்ள ஆடிட்டர், கீழே பயண ஏற்பாட்டாளர் ஆகிய மூவரும் தம் இயந்திரங்களை அவளிடம் ஒப்படைக்கிறார்களாம். அடுத்த மாதம் இரண்டாம் தளத்தில் தனி அறை எடுக்கிறாளாம். எங்களுக்கு வியாழக்கிழமைதோறும் வருவாளாம். ஆகவே மேற்கண்ட வேண்டுகோளை முற்றிலும் திரும்பப் பெறுகிறேன். கடிதத்தை மட்டும் திரும்பப் பெற இயலவில்லை. மேலே 'அத்தானுக்கு' என்றிருப்பதை 'உரியவருக்கு' என்று மாற்றி, முத்திரையிட்டுத் தரச் சொல்கிறாள், புது வாடிக்கையாளர்களிடம் காட்ட வேண்டுமாம். இதைப் படித்தபின் எந்த வாடிக்கையாளரும் என்னிடம் உயில் எழுத வரமாட்டார் என்று எடுத்துரைத்தேன். யோசித்துப் பார்த்துவிட்டு, அது உண்மைதான் என்றாள். நான்கு பிரதிகளில் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். தங்களுக்கு வந்திருப்பது ஐந்தாவது.